பதுளைக்கு வந்திட்டுது

சென்ற கிழமை ஒரு காலை, முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து டொக்டர் புனிதவதியின் தம்பி மகள் பேசினார்.

"ஸ்டெல்லா அன்ரி, மாமி மோசம் போயிட்டா."

"ரொம்ப மோசமாவா இருக்காங்க? மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டீங்களா? எந்த வார்டு?" என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். பிறகு அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னது: "இல்லை அன்ரி. மாமி செத்துப்போனா. நேற்றே எரிச்சாச்சு."

'மோசம் போவது' என்பது யாழ்ப்பாணத்தார் சாவுக்குச் சொல்லும் சொல். டொக்டரின் வாயிலிருந்தே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவருக்கென்று சொன்னபோது மட்டும் மண்டையில் ஏறவில்லை. போரால் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்ததால் ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க எனக்கும் கொடுத்துவைக்கவில்லை. கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அது இல்லை. அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டராக அவர் வந்தார். நான் பிள்ளைகள் வார்டில் தாதி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பருத்திச் சேலை, ஆண்கள் கட்டுகிற மாதிரிப் பெரிய கைக்கடிகாரம், சுள்ளென்ற கோபம். அந்தக் கோபத்துக்குப் பயந்து பல நாள் மருந்தறைக்குள் ஒளிந்திருக்கிறேன்.

முதல் மாதம் அவருக்கும் தோட்டத்துத் தாய்மாருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். இரண்டு பக்கமும் தமிழ்தான் பேசினார்கள்!

"பிள்ளை சத்தி எடுத்ததோ?" என்று ஒரு தாயிடம் கேட்டார்.

"சக்தி இவ அக்காங்க டாக்டரம்மா. அவ லயத்துல இருக்கா. இவ பேரு மீனா," என்றாள் அந்தத் தாய்.

வாந்தி எடுத்ததா என்பதுதான் கேள்வி. நான் சிரித்த சிரிப்பில் டொக்டருக்குக் கோபம் வந்து, விஷயம் விளங்கியதும் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு பல நாள் என்னைக் கண்டால், "சக்தி எப்படி இருக்கிறா?" என்று விசாரிப்பார்.

அவர் வந்து சில மாதங்களில் ஒரு குழந்தை இறந்தது. விழுங்க முடியாத பிள்ளைகளுக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாயை இரைப்பைவரை விட்டு, அதன் வழியே பால் கொடுப்போம். குழாய் இரைப்பைக்குத்தான் போனதா, தவறி மூச்சுக்குழலுக்குள் போனதா என்று பார்க்க அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த வழி காதுதான். குழாயில் கொஞ்சம் காற்றைத் தள்ளி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் 'குபுக்' என்று கேட்கும். கேட்டால் பால். அன்றைக்கும் கேட்டது. டொக்டரும் கேட்டார், நானும் கேட்டேன். பால் நுரையீரலுக்குப் போய்விட்டது. எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். எக்ஸ்ரே பதுளை நகரத்தில் இருந்தது, எங்களிடம் இல்லை.

"காது பொய் சொல்லிப்போட்டுது ஸ்டெல்லா," என்றார். "இனிக் கண்ணால பாக்கவேணும்." எதனால் பார்ப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கென்று யாரோ வெளிநாட்டில் கொடுத்த பழைய மெஷின். பகல் கிளினிக் முடிந்ததும் டொக்டர் அதை எங்கள் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு சக்கரம் கிறீச்சிடும். குழந்தையின் கழுத்திலும் மேல்வயிற்றிலும் அந்தக் குளிர்ந்த பசையைப் பூசி, கருவியை வைத்துத் தேடுவார். எவரும் அவருக்குப் படிப்பித்ததில்லை. பல வாரங்கள் திரையில் மழை பெய்கிற மாதிரிப் புள்ளிகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் கத்தினார்: "இஞ்ச பார், இஞ்ச பார்!" இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், இரைப்பைக்குள் நீண்டு கிடந்தன.

"தண்டவாளம்," என்றேன் நான்.

"ஓம். தண்டவாளம் பதுளைக்கு வந்திட்டுது," என்றார் அவர்.

கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வார்டில் அதுவே பேச்சாகிவிட்டது. டொக்டர் "பதுளைக்கு வந்திட்டுது" என்றால் பால் கொடுக்கலாம். தாய்மாரும் பிடித்துக்கொண்டார்கள். கருவி வயிற்றில் படும்போதே, "பதுளைக்கு வந்துருச்சுங்களா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வார்டு கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு ஐப்பசி மழையில் பாக்கியம் வந்தாள். மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய ஒரே பெண் குழந்தை கௌரி மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, விழுங்கும் சக்தி திரும்பவில்லை. போட்டிருந்த குழாயைக் குழந்தையே பிடுங்கிவிட, புதிதாகப் போட்டோம். டொக்டர் ஸ்கேன் வைத்தார். அழுது அழுது பிள்ளையின் வயிறு நிறையக் காற்று. காற்று இருந்தால் அந்த மெஷினுக்குக் கண் கட்டிவிட்டது போலத்தான். கழுத்தில் பார்க்கலாமென்றால் பிள்ளை திமிறியது. குழாயில் இழுத்துப் பார்த்தோம், இரைப்பை நீர் வரவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். அப்போதும் அப்படியேதான்.

பாக்கியம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பதுளைக்கு வந்துருச்சுங்களா டாக்டரம்மா?" என்றாள்.

டொக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியேல்லை," என்றார்.

எக்ஸ்ரேக்கு அனுப்ப முடியவில்லை. அன்று விடியற்காலையில் பதுளைப் பாதையில் மண் சரிந்திருந்தது. பாதையைத் திறக்கும்வரை பால் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் பசிக்கிற பிள்ளைக்குச் சேலைன் பால் ஆகுமா? கௌரி அழுதாள். "ஒரு சொட்டுக் குடுங்க மிஸ்ஸி, ஒரு சொட்டுத்தான்," என்று பாக்கியம் என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "பொறும்மா, பாதை தொறந்துரும்," என்றேன். வேறு எதைச் சொல்வது? மழை விட்டபாடில்லை.

மறுநாள் பிற்பகல் நாங்கள் வேறொரு பிள்ளைக்கு மூச்சுத் திணறி ஓடிக்கொண்டிருந்தபோது, பாக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதுளைப் பக்கம்தான் அடைப்பு. மடுல்சீமைப் பக்கம் திறந்திருந்தது. மேலே போன கொழுந்து லொறியில் ஏறிவிட்டாள். கட்டிலில் குழாயும் பிளாஸ்டரும் கிடந்தன. டொக்டர் வாசல்வரை ஓடினார். லொறி அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வைத்துக் கரண்டியால் பால் ஊட்டியிருக்கிறாள். பிள்ளைக்குப் புரையேறியது. அவ்வளவுதான்.

இது எங்களுக்குத் தெரிந்தது, மழைக்காலம் முடிந்து பாக்கியமே கிளினிக்குக்கு வந்தபோது. கோபமாக வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன் இருமலுக்கு மருந்து வாங்க வந்தவள், டொக்டர் "ஏன் பிள்ளையைக் கொண்டு போனீங்கள்?" என்று கேட்டதும் சாதாரணமாகச் சொன்னாள்:

"நீங்கதானே டாக்டரம்மா தெரியலன்னு சொன்னீங்க. பெரிய டாக்டருக்கே தெரியலன்னா, அப்பறம் என்னாத்துக்கு இங்க பட்டினி போடணும்னு தூக்கிட்டுப் போயிட்டேன்."

டொக்டர் வாயைத் திறந்தார். குழாய் திரையில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதானே அவர் சொன்னார்! அதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. மருந்தை எழுதிக் கொடுத்தார். பாக்கியம் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று தேநீர் நேரத்தில் நான்தான் பேச்சை எடுத்தேன். "அவ தப்பா வெளங்கிக்கிட்டா டொக்டர்."

"பிழையா விளங்கேல்லை ஸ்டெல்லா," என்றார். "குழாய் எனக்குத் தெரியவுமில்லை, என்ன செய்யிறதெண்டு தெரியவுமில்லை. ரெண்டும் உண்மைதானே." ஆறிப்போன தேநீரைக் குடிக்காமலே எழுந்து வார்டுக்குப் போனார்.

ஸ்கேன் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு பல பிள்ளைகளுக்குக் குழாய் சரியான இடத்தில் இருப்பதை அந்த மெஷின் காட்டியது. இரண்டு பேருக்குத் தவறி மூச்சுக்குழலில் இருந்ததையும் கண்டுபிடித்தார். அந்தப் பிள்ளைகள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் திரையில் தெரியாத நாட்களில், "இன்னும் பதுளைக்கு வரேல்லை, பொறுங்கோ" என்றுதான் சொல்வார். 'தெரியேல்லை' என்ற பழைய சொல்லைத் தாய்மார் முன்னால் அவர் மறுபடி சொல்லி நான் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரி மூடப்பட்ட பிறகு அவர் கொழும்பில் தம்பி வீட்டுக்குப் போனார். போன தைப்பொங்கலுக்குப் பிறகு பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. பார்க்கப் போனேன். கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தார். மூக்கில் குழாய். அதைப் பார்த்தவுடன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இளம் தாதி ஒருத்தி குழாயில் காற்றைத் தள்ளி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, தலையாட்டினாள். "எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்றேன். "நாளைக்கு எடுப்பாங்க. சத்தம் நல்லா கேக்குது," என்றாள். சண்டை போட்டுப் பார்த்தேன். நான் அங்கே தாதி இல்லையே, பார்க்க வந்த கிழவிதானே. பாலைக் கரைக்க அவள் உள்ளே போனாள்.

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையைப் பிடித்து, "பதுளைக்கு வந்துருச்சு டொக்டர்," என்றேன்.

பக்கவாதத்தில் அசையாத கையை விட்டுவிட்டு மற்றக் கையை மெல்லத் தூக்கினார். விரலால் தன் கண்ணைத் தொட்டு, பிறகு என்னைச் சுட்டினார். கண்ணால் பார்த்தாயா என்று கேட்கிறார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியல டொக்டர்," என்றேன். அழுதுவிட்டேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பால் வந்தது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்களாம். குழாய் சரியான இடத்தில்தான் இருந்ததாம். அதன் பிறகும் சில மாதங்கள் இருந்தார். நான் மறுபடி போகவில்லை. முழங்கால் வலி, பாதையெங்கும் இராணுவச் சோதனை, பஸ்ஸில் குண்டு வெடிக்குமோ என்ற பயம் என்று எத்தனையோ காரணம். எந்தக் காரணமும் இனி எதற்கும் உதவாது.

வேதக்காரியான நான் உங்களுக்காக மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன், டொக்டர். நீங்கள் சைவம், கோபிக்கமாட்டீர்கள். பாக்கியத்தின் கௌரியும், அந்த முதல் குழந்தையும் இருக்கிற இடத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்தீர்களா, பதுளைக்கு வந்திட்டுதா என்று நான் யாரைக் கேட்பது? உங்கள் சொல்லிலேயே சொல்லி உங்களை அனுப்பிவைக்கிறேன், டொக்டர். தெரியேல்லை.