எனக்கும் சேர்த்துப் போடுங்கோ

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது நல்லது என்று முடிவு செய்கிறவள் நான். யாரும் அந்த வேலையை எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். தங்கச்சியை ஹொலண்டிலிருந்து லண்டனுக்கு வரவைத்ததும் நான்தான். அங்கே அவளுக்கு வீடு இருந்தது, அவள் கணவருக்கு வேலை இருந்தது, மகளோடு மூன்று பேருக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது. "அந்தப் பாஷையைப் படிச்சு என்ன செய்யப் போறியள்? பிள்ளை இங்கிலீசில படிக்கட்டும்" என்று இரண்டு வருடம் தொலைபேசியில் அவள் காதைக் குடைந்தேன். கடைசியில் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து வந்து சேர்ந்தார்கள். என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அம்மா யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் தனியாக இருந்தார். அப்பா இறந்தபிறகு எங்கள் இரண்டு பேரையும் நம்பித்தான் அவருடைய சீவியம் ஓடியது. அவரைக் கூப்பிடுவதும் என் பொறுப்பு, ஏனென்றால் நான்தான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரி. விசிட் விசாவுக்கு முதல் விண்ணப்பம் போட்ட கையோடு குரோய்டனில் ஒரு தடித்த கம்பளிக் கோட்டு வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தும் விட்டேன். விசா கிடைக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். இரண்டு தடவை மறுத்தார்கள். அம்மா திரும்பிப் போவார் என்று நம்பமுடியவில்லையாம். இரண்டாவது கடிதம் வந்த அன்று சமையலறையில் ஒரு கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தேன். கை தவறிவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டின்போது தங்கச்சியின் கணவர் மெதுவாகக் கதையைத் தொடக்கினார்.

"அக்கா, எங்கட ஹொலண்ட் பாஸ்போர்ட்டை வைச்சு மாமியைக் கூப்பிட ஏலுமோ எண்டு நான் ஒருக்கா விசாரிச்சுப் பாக்கட்டோ?"

"பிரிட்டிஷ்காரி எனக்கே தரேல்லை. உங்கட சீஸ் பாஸ்போர்ட்டுக்குத் தரப்போறாங்களோ தம்பி?"

ஹொலண்ட் என்றால் எங்கள் வீட்டில் சீஸ்தான் பகிடி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

பிறகு அந்த வாக்கெடுப்பு வந்தது. ஐரோப்பாவோடு இருப்பதா, விலகுவதா என்று நாட்டைக் கேட்டார்கள். விலகினால் தங்கச்சி போன்ற ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரர் இங்கே இருப்பதே கேள்விக்குறி. எனக்கு வோட்டு இருந்தது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாததால் தங்கச்சி வீட்டில் ஒருவருக்கும் இல்லை. "இவ்வளவு காலம் வரி கட்டுறம். எங்களைப் பற்றிக் கேக்கேக்கை மட்டும் எங்களைக் கேக்கமாட்டினம்" என்று தங்கச்சி பொருமினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்கும் சேர்த்துப் போடுங்கோ" என்றாள். ஓம் என்றேன்.

சொல்லும்போது அதை மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆள்தான். என் அம்மாவின் விசாக் கதை அந்தக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். "யோசிச்சுப் பாருங்கோ அக்கா. ஐரோப்பாக்காரன் தாய் தேப்பனைக் காலமை பிளேனில ஏத்தி மத்தியானம் இங்க இறக்கிறான். உங்கட அம்மாவுக்கு ஒரு விசிட் விசா இல்லை. அந்தக் கதவைப் பூட்டினால்தான் எங்கட சனத்துக்கு ஒரு கதவு திறக்கும்" என்றார். எனக்குள் இருந்த ஆத்திரத்துக்கு அது போதுமாக இருந்தது. தங்கச்சியை நினைக்காமல் இல்லை. ஏற்கெனவே வந்திருக்கிறவர்களை என்ன கழுத்தைப் பிடித்தா தள்ளப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாக்களித்த அன்று பேய்மழை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தங்கச்சியும் என்னோடு வந்தாள். வாக்குச்சாவடி ஒரு தேவாலய மண்டபம். அவள் வாசலில் குடையோடு நின்றாள். உள்ளே, நூலில் கட்டியிருந்த பென்சிலை எடுத்து, விலகவேண்டும் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். அம்மாவின் முகம்தான் மனதில் இருந்தது.

"போட்டாச்சோ?"

"ஓம்."

"எனக்கும்?"

"உனக்கும்தான்."

அவள் என்னைத் தமிழ்க்கடைக்குக் கூட்டிப்போய் மீன் ரோல்சும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தாள். நான் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் விலகும் பக்கம் வென்ற செய்தி வந்தது. வேலைக்குப் போகிற உடுப்போடு தங்கச்சி அழுதுகொண்டு வந்து நின்றாள். "எங்களை வேண்டாம் எண்டிட்டாங்கள் அக்கா." அவளைக் கட்டிப்பிடித்தேன். "நீங்கள் எண்டாலும் எங்களுக்குப் போட்டனீங்கள்" என்று என் தோளில் சொன்னாள். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லக்கூடிய ஒரு நாளும் வரவில்லை.

எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, விற்பனைக்கு வந்திருந்த ஒரு வீட்டை அவர்கள் வாங்குவதாக இருந்தது. பின்வளவில் ஒரு அப்பிள் மரம் நின்றது, பிள்ளை அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். வாக்கெடுப்பு முடிந்த கிழமை தங்கச்சியின் கணவர், "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார். அந்தச் சொல்தான் பிறகு அவர்களுடைய வாழ்க்கையாகிப்போனது. பாராளுமன்றத்தில் கத்துவார்கள், பிரதமர் மாறுவார், விலகும் திகதி தள்ளிப்போகும், இவர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். புதுக் கட்டில் வாங்கப் பொறுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு அதற்கு வயது கடந்துவிட்டது. அந்த வீட்டை வேறு யாரோ வாங்கி அப்பிள் மரத்தைத் தறித்துக் கார் நிறுத்த இடம் கட்டினார்கள்.

தங்கச்சியின் கணவர் வேலை செய்த களஞ்சியம் ஐரோப்பாவுக்குச் சாமான் அனுப்புகிற இடம். முதலில் ஓவர்டைம் நின்றது, பிறகு ஒரு ஷிப்ட் நின்றது. கடைசியில் வேலையையே ஹொலண்டுக்கு மாற்றப்போகிறோம், அந்த நாட்டுப் பாஷை தெரிந்த நீயும் வா என்றார்கள். இங்கே தொடர்ந்து இருக்க விரும்பும் ஐரோப்பியர்கள் புதிதாகப் பதிய வேண்டும் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. அவரும் பதியவில்லை, தங்கச்சியும் பதியவில்லை. "இவ்வளவு காலம் இருந்த வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கு நான் ஏன் அனுமதி கேக்கவேணும்?" என்றார். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு உயர்த்தினார்.

அவர்கள் ஹொலண்டுக்குத் திரும்பிப் போகிற நாளில் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. பதினான்கு வயது, சிநேகிதிகள் எல்லோரும் இங்கே. சாமான் ஏற்றிய வான் வெளிக்கிட்டபோது தங்கச்சி கண்ணாடியை இறக்கி, "அம்மாவின்ர விசாவை விட்டிடாதேங்கோ அக்கா" என்றாள்.

நான் விடவில்லை. மூன்றாவது விண்ணப்பமும் போட்டேன். கோயில் வாசலில் அந்த மனிதர் சொன்ன கதவு திறக்கத்தான் செய்தது. பராமரிப்பு வேலைக்கென்று எங்கெங்கிருந்தோ ஆட்களை எடுத்தார்கள், படிக்கவென்று ஆயிரம் பிள்ளைகள் வந்தார்கள். அம்மாவுக்கு அதே கடிதம்தான் வந்தது, அநேகமாக அதே வசனங்கள்.

அதன் பிறகுதான் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியைப் பார்க்கப் போனேன். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது அவளுக்கு. கடிதங்களை எல்லாம் வாசித்துவிட்டு, "ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோட சகோதரங்கள் ஆரும் இங்க இருக்கினமோ?" என்று கேட்டாள்.

"தங்கச்சி இருந்தவள். ஹொலண்ட் பாஸ்போர்ட். போன வருசம் திரும்பிப் போயிட்டாள்."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "அவ இங்க வேலை செய்துகொண்டிருந்த காலத்தில கூப்பிட்டிருக்கலாமே அன்ரி. ஐரோப்பியச் சட்டத்தில அதுக்கு இடம் இருந்தது. உங்களை நம்பி இருக்கிற தாய் எண்டு காட்டினால், உங்கட பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட அது எவ்வளவோ லேசு. அவை போக முந்திப் பதிஞ்சவையோ?"

"இல்லை."

"அப்ப இனி அந்த வழி இல்லை."

சீஸ் பாஸ்போர்ட் என்று நான் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வழி திறந்துதான் கிடந்தது. பத்து வருடத்துக்குமேல் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அம்மாவைக் கூப்பிடுவதற்காக நான் பூட்டிய கதவு அம்மா வரக்கூடிய கதவு. ரயிலில் திரும்பி வரும்போது, எதிரே இருந்த ஒரு பெண் சுகமில்லையா என்று கேட்டாள். சுகம்தான் என்றேன்.

அடுத்த மாசியில் அம்மா போய்விட்டார். காலமை முற்றம் கூட்டும்போது விழுந்தவராம், அயலார் கண்டு தூக்கும்போது உயிர் இல்லை. நான் லண்டனிலிருந்தும் தங்கச்சி ஹொலண்டிலிருந்தும் போய்ச் சேர்ந்தோம். எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்த அடுத்த நாள் அம்மாவின் அலுமாரியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில், பூச்சி உருண்டை போட்டு, கடைப் பையோடு அந்தக் கம்பளிக் கோட்டு இருந்தது. விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. வியர்த்துக் கொட்டுகிற அந்த அறையில் அதைப் பிடித்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன்.

தங்கச்சி பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவினாள்.

"அழாதேங்கோ அக்கா. நீங்கள் ஏலுமானதெல்லாம் செய்தனீங்கள். அம்மாவுக்கும் செய்தனீங்கள், எங்களுக்கும் செய்தனீங்கள். அண்டைக்கு அந்த மழைக்குள்ள போய் எனக்கும் சேர்த்து வோட்டுப் போட்ட ஆள் நீங்கள்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.