ஒன்றுகூட மிதக்கவில்லை

என் அக்காவின் புருஷன் நல்ல மனிதர்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அக்கா என் முகத்திலேயே முழிக்க மாட்டாள். குடிக்க மாட்டார், யாரிடமும் கை நீட்டியதில்லை, அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டதில்லை. ஒரே ஒரு குறை. ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் அங்கே வேறு யாருக்கும் இடம் கிடையாது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனி கைமாறியபோது வயதானவர்களையெல்லாம் கழித்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தவர் கொஞ்ச நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். அதில் எவனோ ஒருவன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கெளுத்தி மீனைத் தூக்கிக் காட்டி, இதற்குக் காற்று மோட்டார் வேண்டாம், ஓடும் தண்ணீர் வேண்டாம், போட்டதைத் தின்னும், லாபம் கொட்டும் என்று அளந்திருக்கிறான். அத்தான் அதில் விழுந்துவிட்டார்.

தொட்டி கட்ட வீட்டில் இருந்த ஒரே இடம் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை. அதில்தான் அக்கா இரண்டு தையல் மிஷின்களைப் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பவள், அங்கே போய் உட்கார்ந்தால் வேறு ஆள். மிஷினை மிதித்துக்கொண்டே தெரு வம்பு முழுவதையும் பேசுவாள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு என்னைத் திட்டுவாள். நாலு பெண்கள் சேர்ந்தால் சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்கும். என் அக்காவை நான் முழுசாகப் பார்த்தது அந்தக் கொட்டகையில் மட்டும்தான்.

அவர் கேட்டார், அவள் மிஷின்களை விற்றுக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றையாவது முன்னறையில் போட்டு வை என்று மல்லுக்கு நின்றேன். கட்டிலைப் போட்ட பிறகு அங்கே நடக்கவே வழியில்லை என்றாள். முதல் தடவை மீன் பிடித்து விற்றதும், கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை போட்டு, கரண்ட்டில் ஓடும் மிஷின் வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது. அதற்கு மேல் நான் என்ன பேச? அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதென்று ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வை மடிக்கப் போனாள்.

மீன் குஞ்சு விற்றவன் ஒரு விஷயத்தைத் தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னான். அவன் வண்டியிலிருந்து இறக்கும்போது நானும் நின்றிருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி வளராது, அவ்வப்போது வலை போட்டுப் பிடித்துப் பெரியதைத் தனியாக, சிறியதைத் தனியாகப் பிரித்து விட வேண்டும் என்றான். அத்தான் தலையை ஆட்டினார். ஆனால் இருந்ததோ ஒரே தொட்டி. குறுக்கே ஒரு சுவர் வைக்கலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு, இடம் வீணாகும் என்று வேண்டாமென்றார். அதுமட்டுமில்லை, பெரிய மீன்களைப் பிரிக்க அவருக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெரிய மீன்கள்தான் அவருக்கு எல்லாம். தீவனம் போடுமுன் டப்பா மூடியைத் தட்டுவார். தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கும், மீசை வைத்த பெரிய தலைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும். எல்லாவற்றிலும் பெரியதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார். அவரை வேலையை விட்டு அனுப்பிய மேனேஜருக்கும் அப்படித்தான் மீசையாம். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு மூடியைத் தட்டிக் காட்டுவார். தண்ணீர் கலங்கல், ஒரு சாணுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. மேலே வந்ததைப் பார்த்துவிட்டு, கீழே இருப்பதும் அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

பின் தெருவில் ஒருவர் இதே தொழிலை ஆரம்பித்து, தினம் காலையில் செத்த மீனை வாளியில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். அத்தானுக்கு அது பெரிய கௌரவமாகப் போய்விட்டது. நம் தொட்டியில் இதுவரை ஒன்றுகூட மிதக்கவில்லை என்று தெரு முழுக்கச் சொன்னார். தீவனமும் முன்னைப்போல ஆகவில்லை, மூட்டை தீரவே மாட்டேன் என்கிறது, செலவு மிச்சம் என்றார். அக்கா ஒருநாள் லாண்டரியிலிருந்து வந்து கொட்டகை வாசலில் நின்றபடியே, சின்ன மீன் ஒன்றையும் காணவில்லையே என்று கேட்டாள். சின்னதெல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு அடியில் இருக்கும், உன்னை மாதிரி என்று கேலி செய்தார். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

மீன் வியாபாரி வந்த அன்று அக்கா லீவு போட்டிருந்தாள். அவர் வேனிலிருந்து பிளாஸ்டிக் பெட்டிகளை இறக்கி, வாசலிலிருந்து கொட்டகைவரை அடுக்கினார். அத்தான் சலவைச் சட்டை போட்டிருந்தார். தண்ணீர் இறங்குவதற்குள், புது அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று கையை நீட்டி எனக்குக் காட்டினார். பம்ப் இறைத்துக்கொண்டே இருந்தது. முழங்கால் அளவுக்கு இறங்கியும் பெரிய மீன்கள்தான் முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றின. இன்னும் இறங்கட்டும் என்றார் அத்தான். கணுக்கால் அளவுக்கு இறங்கியது. அப்புறம் தரை தெரிந்தது.

பெரியவை ஒரு பெட்டி நிறையத் தேறின. அவ்வளவுதான். மற்றப் பெட்டிகள் வெயிலில் சும்மா கிடந்தன.

யாரோ திருடிவிட்டார்கள் என்றார் அத்தான். பின் தெருக்காரர் பெயரைக்கூடச் சொன்னார். வியாபாரி ஒரு மீனைத் தூக்கி, அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"பிரிச்சு விடலையா?"

ஒன்றுகூடச் சாகவில்லை, தினமும் நான் பார்த்தேன் என்றார் அத்தான்.

"எப்படிங்க மிதக்கும்? மிதக்குறதுக்கு என்ன மிச்சம் இருந்துச்சு? இதுங்கதான் மத்ததத் தின்னு வளந்திருக்கு" என்றார் வியாபாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இதை நிறையத் தடவை நிறைய வீடுகளில் சொன்னவர் மாதிரி சொன்னார். அவ்வளவு பெரிய மீனை ஓட்டல்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று, டீசலுக்குக் கட்டுப்படியாகிற விலைக்கு அந்த ஒரு பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மேனேஜரும் அதில்தான் போனது.

மீனை அள்ள இறங்கிய அத்தான் தொட்டிக்குள்ளேயே நின்றார். எனக்கு அவர்மேல் கெட்ட கோபம் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். முடியவில்லை. மனிதர் ஒரே நாளில் சுருங்கிப்போயிருந்தார். சட்டையில் சேறு அடித்திருந்தது.

"மூலையில சேத்துக்குள்ள பதுங்கியிருக்கும். கெளுத்தி பதுங்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

எனக்குத் தெரியும், ஒன்றும் இருக்காது. அக்காவுக்கும் தெரியும், அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. அந்த மீன்களைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு கூசும், அத்தனை மாதத்தில் தொட்டிச் சுவரைக்கூடத் தொட்டதில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ ஆரம்பித்தாள். ஒரு மூலை. அப்புறம் சுவரோரமாகவே அடுத்த மூலை. முழங்கைவரை கறுப்பாகிவிட்டது. நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அதைப் பார்த்து அத்தான் அழுதுவிட்டார்.

"போதும், மேல வா" என்றார்.

அவள் நிமிரவில்லை.

"இருங்க, இந்தப் பக்கம் இன்னும் பாக்கல."

அவர் போய் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு மறுபடி சேற்றுக்குள் கையை விட்டாள்.