பொறுமைசாலியின் பீர்

1. சீலிங்

சுந்தர் வீட்டுச் சீலிங்கில் பீர் அடித்தபோது மணி நாலரை. விருந்தாளிகளை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

நான் சுவிஸில், ஊஸ்டர் என்கிற ஊரில் ஒரு ரெஸ்டோரண்டில் பதினாலு வருடம் பீர் ஊற்றியவன். ஒரு சொட்டும் குடித்ததில்லை. சுந்தர் கோயம்புத்தூர்க்காரர், கொம்பியூட்டர் என்ஜினியர், கோயிலில் பழக்கம். கெக் என்கிற எவர்சில்வர் பீப்பாவில் தானே காய்ச்சிய பீர் இருக்கிறது, வந்து ஊற்றித் தாருங்கள் என்று கேட்டார். லீவு போட்டுக்கொண்டு போனேன்.

அவருக்குப் பீரில் ஆசை ஒன்றுமில்லை. அவருடைய மேலதிகாரி, இங்கத்தைய பேச்சில் ஷெஃப், தானே பீர் காய்ச்சுகிறவனிடம் பொறுமை இருக்கும், அப்படிப்பட்ட ஆள்தான் தன் டீமுக்கு வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார். சுந்தரின் கொன்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. அது போனால் இங்கே தங்குகிற பெர்மிட்டும் போகும், மகளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும். ஆகவே பொறுமைசாலி ஆகிவிடுவதென்று அவசரமாக முடிவெடுத்தார்.

2. ஃபோர்முலா

பீருக்குக் காஸ் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. கெக்கைக் குளிரில் வைத்து, காஸ் சிலிண்டரை ஒரு பார் அழுத்தத்தில் திறந்துவிட்டு, ஒரு கிழமை அந்தப் பக்கம் போகாமல் இருக்கவேண்டும். போகாமல் இருப்பதுதான் வேலையே. சுந்தர் அன்று மதியம்தான் தொடங்கியிருந்தார். அழுத்தம் மூன்று பார். புருஷனும் பெண்சாதியுமாகக் கெக்கை ஹோலில் உருட்டிக் குலுக்கியிருக்கிறார்கள். பிறகு வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பட்டுத்துணி விரித்து ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

"பிரஷர் கூட்டினா டைம் குறையும்ணா. ஃபார்முலா இருக்கு."

"ஃபோர்முலா சீலிங்கில இருந்து ஒழுகுது, தம்பி."

"அஞ்சுன்னு சொன்னா ஆறரைக்குத்தானே வருவாங்க? அதுக்குள்ள செட் ஆயிடும்."

சுவிஸில் நாலு வருடம் இருந்த மனிதர் இதைச் சொன்னார். நான் காஸைப் பூட்டிவிட்டு ஜன்னலால் பார்த்தேன். கீழே ஷெஃப்பும் இன்னும் மூன்று பேரும் பூங்கொத்தோடு நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தி வந்து பெல் அடிப்பது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. ஐந்துக்கு அடித்தார்கள்.

3. கேள்வி

முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவதும் அப்படியே. இரண்டு வாரமாகக் காஸில் இருக்கிறது, இந்திய முறை இப்படித்தான் நுரைக்கும் என்று சுந்தர் இங்கிலிஷில் அளந்தார். ஷெஃப் கெக்கைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, இது எப்போதிருந்து காஸில் இருக்கிறது என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார்.

பாஷை விளங்காவிட்டாலும் கேள்வி சுந்தருக்கு விளங்கிவிட்டது. "அண்ணா, ரெண்டு வாரம்னு சொல்லிடுங்க. ப்ளீஸ்."

மூலையில் அவர் மகளின் பள்ளிக்கூடப் பை கிடந்தது. ஆனால் என் கையில் இருந்ததோ நுரை.

"இன்றைக்கு மதியத்திலிருந்து," என்றேன்.

ஷெஃப் சுந்தரைப் பார்த்தார். சுந்தர் தரையைப் பார்த்தார்.

"இனி எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று ஷெஃப் என்னைக் கேட்டார்.

"பனியில் வைத்தால் இரண்டு மணித்தியாலம்."

உடனே நாலு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார்கள். எந்தச் சிக்கலுக்கும் இந்த நாட்டவரிடம் இருக்கிற மருந்து அதுதான். சுந்தரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார். நான் கெக்கைப் பால்கனிப் பனியில் புதைத்து, இடைக்கிடை வால்வைத் தூக்கி அழுத்தத்தை இறக்கினேன். சரியாக ஏழுக்குத் திரும்பி வந்தார்கள். அரைப் பாரில் காஸை வைத்து, கிளாஸைச் சரித்து ஊற்றினேன். மேலே இரண்டு விரல் நுரை, கீழே பொன் நிறத்தில் பீர். ஷெஃப் இரண்டு கிளாஸ் குடித்தார்.

4. திங்கட்கிழமை

"பீருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்தேன். உங்களுக்கு ஆறு மாதம் தருகிறேன்," என்று ஷெஃப் சொல்லி, சுந்தரின் கொன்ட்ராக்ட்டில் ஆறு மாதத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாராம்.

"நல்லா பண்ணிட்டீங்கண்ணா," என்றார் சுந்தர் குத்தலாக, கோயிலில் என்னைக் கண்டதும். அதற்குப் பிறகு அந்த ஆறு மாதமும் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு மனம் நொந்தது உண்மை. ஏழாம் மாதம் வேலை நிரந்தரமானது. அடுத்த வெள்ளிக்கிழமையே பொறுமையின் அருமை பற்றிக் கோயிலில் எல்லாருக்கும் வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். உங்களைப் பொய் சொல்லச் சொல்லி ஆட்கள் கேட்பார்கள், பாவமாகவும் இருக்கும். ஆனால் பீர் ஊற்றுகிறவன் எந்தப் பொய்யைச் சொன்னாலும், அதைக் கிளாஸில் ஊற்றி அவனேதான் நீட்டவேண்டும்.