உள்ளே மெழுகு பூசிய படகு

எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள், ஒரே ஒரு படகு. ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்த வருடத்துக்குப் பிறகு குடியிருப்போர் சங்கம் வாங்கிய ஃபைபர் படகு அது. நான்கு கோடை வெயில் அதன் நீலத்தைத் தின்றுவிட்டது. தொட்டால் விரலில் சுண்ணாம்பு போல ஒட்டும். இப்படியே விட்டால் வெடிப்பு விடும் என்று கூட்டத்தில் மூன்று முறை சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எழுபத்துநான்கு வயதில் நானே இறங்கினேன்.

மழைக்கு முன் முடித்தாக வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அந்த வெள்ளத்தில் அவளை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் போனார்கள். "இனிமே என்னை மூட்டை மாதிரி தூக்க விடமாட்டேன். படகுல நானே ஏறுவேன். இல்லன்னா வீட்டுலயே கிடப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, நைஸ் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டு, கடைசியில் மெழுகு. முழத்துக்கு அறுபது சுற்று, எண்ணித் தேய்த்தேன். ஒன்பது காலைப்பொழுதுகள். வெளிப்புறத்தில் என் முகம் தெரிந்தது. மிஞ்சிய அரை டப்பா மெழுகை அடுத்த வருடத்துக்கென்று சங்கச் செயலாளரிடம் கொடுத்து, "வெளியே மட்டும்தான் சார்" என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள் மனைவியை ஏறிப் பார்க்க அழைத்து வந்தேன். வலது காலை உள்ளே வைத்தாள். சர்ரென்று வழுக்கியது. நல்லவேளை, விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே என்ன சார் பண்ணீங்க?" என்று பக்கத்தில் நின்ற செயலாளரைக் கேட்டேன்.

"மிச்சம் வீணாகுதேன்னு தரைக்கும் போட்டேன் சார். கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றார் செயலாளர்.

"தலை சீவவா சார் படகு வாங்கினோம்?"

"டென்ஷன் ஆகாதீங்க. பி.பி. ஏறிடும்."

"ஏறட்டும். அதுவாவது வழுக்காம ஏறுதே!"

மனைவி சிரிக்கவில்லை. "நான் வீட்டுலயே இருந்துக்கறேங்க" என்று திரும்பி நடந்தாள்.

தின்னரில் நனைத்த துணியால் மெழுகைத் துடைத்து எடுத்துவிட்டு, முரட்டு உப்புத்தாளால் தரையைச் சொரசொரப்பாக்கினேன். பதினொரு தாள்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் செயலாளரை ஒரு திட்டு. அதில்தான் இழுப்பு எண்ணிக்கை தப்பியது.

"அய்யோ சார், உள்ளே மங்கிப்போச்சே!" என்று அவரே வந்து நின்றார்.

"மங்கினாத்தான் சார் கால் நிக்கும்."

மனைவியை மூன்று நாள் கெஞ்சி அழைத்து வந்தேன். வலது காலை வைத்தாள். இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். விழுந்துவிடுவாளோ என்று கையை நீட்டினேன்.

"முதல்ல அந்தக் கையை எடுங்க" என்று சொல்லி, இடது காலையும் உள்ளே வைத்தாள்.