இரும்பு மாத்திரையும் பத்து மணித் தேத்தண்ணியும்

1996 மார்ச்சில் பேச்சியின் ரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபின் 6.4. பன்னிரண்டு இருக்க வேண்டும். பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், வயது முப்பத்தைந்து. பதினோரு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுங்கினாள். ஜூனில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 6.5.

செப்டம்பருக்குள் ஒன்பது வராவிட்டால் மலை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுத வேண்டிவரும் என்றார் டாக்டர். அதட்டவில்லை, அதுதான் பேச்சிக்குப் பயமாக இருந்தது. வேலை போனால், தோட்டம் கொடுத்திருக்கும் லயத்து வரிசையில் அவள் வீடும் போகும். அது வேலை செய்கிற ஆளுக்குத்தான். புருஷன் ஒச்சப்பன் இறந்துவிட்டான்; மகள் கனகமணி பத்தாவது படிக்கிறாள். அந்த ஒற்றை அறையை விட்டால் இரண்டு நாட்டிலும் அவர்களுக்குக் கையகல மண் கிடையாது.

மாத்திரையை எறிந்திருப்பாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எறிய வழியே இல்லை. நர்ஸ் ஜெஸிந்தா குன்னூர்க்காரி, விடாப்பிடியானவள். மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது என்று பெண்கள் அதைச் செடிக்கடியில் போடுவது அவளுக்குத் தெரியும். அதனால் கையில் கொடுத்தனுப்பாமல், பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வந்துவிடுவாள். எல்லாரும் ஒன்றாகக் கூடுவது அப்போதுதான். கேனில் தேத்தண்ணி வருவதும் அப்போதுதான். ஓடைத் தண்ணீரால் ஒரு வருஷம் மஞ்சள் காமாலை பரவியதிலிருந்து மலையில் குடிக்கக் கிடைப்பது அது ஒன்றே. மாத்திரையைப் போட்டு, ஒரு டம்ளர் தேத்தண்ணியில் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். பேச்சி ஒரு நாளும் தவறவில்லை.

ஜூலை மழையில் ஒரு நாள் மாத்திரை வாயில் இருக்கும்போதே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சிவப்புத் தோல் கரைந்து உடைந்த மாத்திரை டம்ளரில் விழுந்தது. இருமி முடித்துப் பார்த்தால், தேத்தண்ணி பேனா மையாகக் கறுத்துக் கிடந்தது.

பக்கத்து நிரையில் பறிக்கும் கருப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னாடி இது, கவ்வாத்துக் கத்தியக் கழுவி ஊத்துனாப்புல இருக்கு?"

தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும் கத்தி, சாறு பட்டுப் பட்டு இப்படித்தான் கறுக்கும். ஜெஸிந்தா இன்னொரு மாத்திரையை நசுக்கி வேறு டம்ளரில் போட்டுப் பார்த்தாள். அதுவும் கறுத்தது. மீதி மாத்திரைகளை அன்று அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் லயத்துக்கே வந்துவிட்டாள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இரும்பு ரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். நர்ஸ் படிப்பில் இதை ஒரு வரி படித்திருக்கிறாள். மாத்திரை டப்பாவோடு மலையேறியபோது அந்த வரி நினைவுக்கு வரவில்லை.

"நீங்க ஒழுங்காத்தான் முழுங்குனீங்க பேச்சிக்கா. நான் குடுத்த நேரந்தாங்க தப்பு."

"அப்ப கீரை, மிஸ்ஸி?" என்றாள் பேச்சி. ரத்தம் ஊறட்டும் என்று தினமும் கீரையும் ரொட்டியும் தின்று, மேலே ஒரு டம்ளர் வெறுந்தேத்தண்ணி குடிப்பாள்.

"அதுல இருக்கறதையுந்தாங்க புடிச்சுக்கும்."

மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தேத்தண்ணி ஆகாது, எலுமிச்சை பிழிந்த வெந்நீரில் விழுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் ஜெஸிந்தா. பேச்சியின் நாளில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? விடியலில் ஒரு டம்ளர் தேத்தண்ணி, ரொட்டியோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியச் சோற்றுக்கு மேல் ஒன்று. பசியை அமர்த்துவதும் குளிரை விரட்டுவதும் அந்த டம்ளர்தான். மாத்திரையை வெறும் வயிற்றில் படுக்கும்போது போட்டுப் பார்த்தாள், வாந்தி வந்தது. கடைசியில் சாப்பாட்டோடு குடிப்பதையும் பத்து மணி டம்ளரையும் விட்டாள். பத்து மணி மாத்திரைக்கு வீட்டிலிருந்து பாட்டிலில் எலுமிச்சை வெந்நீர் கொண்டுபோனாள். மலைக்குப் போவதற்குள் அது ஆறி, புளித்த தண்ணீராகிவிடும்.

தேத்தண்ணி குறைந்ததில் இரண்டாம் நாளே தலை பிளந்தது. இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு மழையில் நனைந்து கனக்க, மற்றவர்கள் ஆவி பறக்கும் டம்ளரை இரண்டு கையாலும் அணைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் முதுகைத் திருப்பிக்கொள்வாள். வாசனை முதுகுப் பக்கமாகவும் வந்தது.

"தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்க மாட்டாளாம். கடலுக்குள்ள நின்னுக்கிட்டு கால் நனைக்க மாட்டேன்னானாம் ஒருத்தன்" என்றாள் கருப்பம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"எனக்கு வீடு வேணும்டி" என்றாள் பேச்சி. சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்த எல்லாருக்கும் அதே மாதிரி வீடுதான்.

செப்டம்பரில் 8.2.

டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். ஏறியிருக்கிறது, ஆனால் ஒன்பது இல்லை. மலைக்கு அனுப்பவும் முடியாது, வீட்டைக் காலி செய்ய வைக்கவும் மனமில்லை. டிசம்பர் வரை லேசான வேலை கொடுக்கச் சொல்லி ஆபீசுக்கு எழுதினார். தோட்டத்தில் காலியாக இருந்த லேசான வேலை ஒன்றே ஒன்று.

திங்கட்கிழமையிலிருந்து, பத்து மணிக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி காய்ச்சி ஊற்றுவது பேச்சிதான். டிசம்பரில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.