வயர்மேல் போட்ட பழி

எங்கள் ஆஸ்பத்திரியில் ட்ரெட்மில் டெஸ்ட் எடுப்பவரை ஓட்டக்கார அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக மற்றவர்களை ஓட வைத்தவர். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, வயர் மாட்டி, பெல்ட்டில் ஏற்றிவிட்டு, "நெஞ்சு அடைச்சா வாயைத் திறந்து சொல்லணும். வெக்கப்பட்டு மறைச்சா உயிருக்கே உலை" என்பார். பக்கத்தில் நின்று பிரஷர் பார்க்கிற நர்ஸ் நான். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

காலில் சக்கரம் கட்டின மனுஷன். ஆனால் கொஞ்ச நாளாக மூன்றாவது மாடிக்கு வர லிஃப்டுக்குக் காத்து நின்றார்.

"என்னண்ணே, வயசாயிடுச்சா?"

"கேஸும்மா, கேஸ்" என்று நெஞ்சைத் தேய்த்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புது வயர் வந்தால் முதலில் தானே மாட்டி நடந்து பார்ப்பது அவர் வழக்கம். மூன்று நிமிஷத்தில் இறங்கிவிடுவார். அன்று டாக்டர் வரத் தாமதமானது. சும்மா இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தார். ஏழாவது நிமிஷம், பெல்ட் மேடாகி வேகமெடுத்ததும், திரையில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே நேராகப் போக வேண்டிய கோடு பள்ளத்தில் இறங்கியது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

"வயர் சரியில்ல" என்று இறங்கினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். வேர்த்துக் கொட்டியது. பழைய வயரை மாட்டிக்கொண்டு, நான் கத்தக் கத்த மறுபடி ஏறினார். அதே பள்ளம், இந்தத் தடவை ஐந்தாவது நிமிஷத்திலேயே.

"மெஷின்லதான் கோளாறு. நீ ஏறிப் பாரும்மா."

மறைப்புக்குப் பின்னால் போய் நானே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஏறினேன். எனக்கும் கோடு இறங்க வேண்டும் என்று சாமியை வேண்டினேன். வியாதி கேட்டு வேண்டின பைத்தியம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்பது நிமிஷம் ஓடினேன். பாழாய்ப்போன கோடு நேராகவே போனது.

மெஷினிலிருந்து வந்த தன் கோட்டுப் பேப்பரை அவர் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். "டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும்."

"அதுவரைக்கும் நீங்க இருக்க வேணாமா?"

"வாயை மூடு. முதல் ஆளைக் கூப்பிடு."

ஒரு தையல்காரர் வந்தார். ஸ்டிக்கர் ஒட்டியபடி அண்ணன் கேட்டார்: "நெஞ்சு அடைக்குமா?"

"சேச்சே, வெறும் கேஸுதாங்க. வீட்டுல சும்மா பயப்படுறாங்க."

அண்ணன் கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் கசங்கிய பேப்பரை எடுத்து நீட்டினார்.

"இது என்னுது டாக்டர். மூணு மாசமா அடைக்குது."

கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.