மஞ்சள் தீர்ந்த சாயங்காலம்

நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வரைவாளராகக் குப்பை கொட்டும் அவரை எல்லோரும் கலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது இவர் வேலை. வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் தன் கையில் ஒருநாளும் வண்ணம் கோட்டைத் தாண்டியதில்லை என்று அவருக்கு அலாதிப் பெருமை. அவரைவிடப் பெருமை அடித்துக்கொண்டவர் அவருடைய மாமியார். "இந்த ஊரையே வரைஞ்சது என் மாப்பிள்ளைதான்!"

மாமியாரின் தெருவில் சாலையை மூன்று தடவை உயர்த்தியதில் வீடு பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உரிமையோடு உள்ளே வரும். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து வைத்து, இப்போது அதில் ஏறவே ஸ்டூல் தேவைப்பட்டது. மாடியில் ஒரே ஒரு அறை கட்ட அனுமதி கேட்டார். அந்த இடம் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது என்று மனு திரும்பி வந்தது.

"வீட்டுல ஒரு செடிகூட இல்ல மாப்பிள்ளை! எந்தத் தூங்குமூஞ்சி போட்ட பிளான் இது?"

"பாத்துட்டுச் சொல்றேன், அத்தை."

மறுநாள் அலுவலகத்தில் பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். தெரு முழுக்க மஞ்சள். மாமியார் வீடு உட்படக் கடைசிப் பதினோரு வீடுகள் மட்டும் பச்சை. எல்லாம் ஞாபகம் வந்தது. படத்தை ஒப்படைக்க வேண்டிய சாயங்காலம் மஞ்சள் பென்சில் தீர்ந்துபோனது. வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தாலும் அதிகாரி குதிப்பார். கையில் மிச்சமிருந்தது பச்சை. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று பூசினார். அந்தப் பிறகு வரவே இல்லை. அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. அந்தத் தெருவில் ஒரு மாமியார் காத்திருப்பார் என்று கண்டாரா?

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் செங்கல்கள் அவரை உறுத்தின. தவறு தன்னுடையதுதான் என்று எழுதி அதிகாரியிடம் நீட்டினார்.

"பிளான் வந்தப்பவே ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் குடுத்திருக்காங்க சார், ஒருத்தரும் சொல்லலையே," என்றார் அதிகாரி. "இனி அடுத்த திட்டத்துலதான் மாத்த முடியும். ஏழெட்டு வருஷம் ஆகும்."

அன்று சாயங்காலமே மாமியாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். அவமானத்தில் தலை நிமிரவில்லை. மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளோடும் அந்த ஸ்டூலோடும் மாமியார் கலர்காரருடைய ஒன்றரை அறை வீட்டுக்கு வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எதிர்வீட்டுக்காரி விசாரித்தாள். கலர்காரர் பெட்டியைத் தூக்குவதுபோலக் குனிந்துகொண்டார்.

"இந்த ஊரையே வரைஞ்சவர்மா," என்றார் மாமியார். பச்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. கலர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும், மாமியார் பெட்டியிலிருந்து ஒரு டஜன் மஞ்சள் பென்சிலை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல போடறோம், அத்தை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. அதுலயும் தீர்ந்துபோச்சுன்னா?"